மைதானமா, வகுப்பறையா? இரண்டும்தான்!



பள்ளிக்கூட மைதானத்தில், 'ரிங்' விளையாடி இருக்கிறீர்களா? குறுக்கே ஒரு வலை. கையில் ஒரு ரப்பர் வளையம். எதிர்ப்பக்கத்திலிருந்து பறந்து வரும் வளையத்தை ஒரே கையால், 'லபக்' என்று பிடித்து, உடனே திருப்பி எறிய வேண்டும். டென்னிகாய்ட், வளையப்பந்து என்றெல்லாம் பெயர் சொன்னாலும் நமக்கு அது, 'ரிங்'தான்! வளவனூர், விழுப்புரம், திண்டிவனம் என்று எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கேட்டாலும் இந்த விளையாட்டைத் தெரியாத பெண் குழந்தைகள் இருக்க மாட்டார்கள்.

கனடா நாட்டுப் பெண்களும் ஒரு ரப்பர் வளையத்தை வைத்து விளையாடுகின்றனர் தெரியுமா? அதன் பெயர் 'ரிங்கெட்'. ஆனால், அங்கே வலை கிடையாது. மண் தரையும் கிடையாது. வழவழவென்ற பனிக்கட்டித் தரையில், காலில் ஸ்கேட்டிங் காலணி மாட்டிக்கொண்டு சறுக்கியபடி ஆட வேண்டும். கையில் நேரான ஒரு கோல். அதன் நுனியை வளையத்தின் ஓட்டைக்குள் விட்டு, இழுத்துக்கொண்டே போய், எதிரணியின் கோல் கம்பத்துக்குள் அடிக்க வேண்டும். கோல் காப்பவரையும் சேர்த்து ஒரு அணிக்கு ஆறு பேர்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள நார்த் பே என்ற ஊரில், 1963ல் சாம் ஜாக்ஸ் என்பவர் பெண்களுக்காக உருவாக்கிய விளையாட்டு இது. 1990ல் இதற்கு உலகச் சாம்பியன் போட்டியே தொடங்கி விட்டது. பெரும்பாலும் கனடாவும், பின்லாந்தும்தான் மாறி மாறி மோதிக்கொள்ளும்.

இந்த விளையாட்டில் ஒரு வேடிக்கையான விதி உண்டு. பனித்தரையின் குறுக்கே நீலக்கோடுகள் போட்டிருப்பார்கள். வளையத்தை வைத்திருப்பவர், அந்தக் கோட்டைத் தானே வளையத்தோடு தாண்டக் கூடாது. கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கும் தோழியிடம்தான் அனுப்ப வேண்டும். இந்த விதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் நமக்குத் தேவைப்படும்!

சரி, இந்தக் கதையை ஏன் சொல்கிறேன்? கிரிக்கெட் வீரர்களைப் போல ரிங்கெட் வீராங்கனைகளுக்குக் கோடிக் கோடியாகப் பணம் கிடைப்பதில்லை. நாட்டுக்காக ஆடுபவர்களில் கூடப் பலர், பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஆடுபவர்கள்தான். பாடம், பரீட்சை, பயிற்சி, பயணம் என்று எல்லாமே ஒரே நேரத்தில்!

'அதெல்லாம் கனடாவில் முடியும். நம்ம ஊரில் முடியுமா?' என்று கேட்கிறீர்களா? வாங்க, பார்க்கலாம்.

வீட்டுக்கு வீடு ஒரே கேள்வி!

எட்டாம் வகுப்பு வரை யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஒன்பதாம் வகுப்பு வந்ததும் ஆரம்பிக்கும். 'பத்தாவது வரப் போகுது... இன்னும் என்ன விளையாட்டு?' என்று அப்பா கேட்பார். பி.டி., பீரியடில் கணக்கு நோட்டோடு கணக்கு வாத்தியார் வந்து நிற்பார். பெண் குழந்தை என்றால், 'வயசுப் பொண்ணுக்கு இனிமே மைதானம் எதுக்கு?' என்று பக்கத்து வீட்டுப் பாட்டி வரை ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். மண்டல அளவிலான போட்டியில் பரிசு வாங்கிய எத்தனையோ பேர், இந்த இடத்தில்தான் விளையாட்டை விட்டுவிட்டுப் போய்விடுகின்றனர்.

பெரியவர்கள் பயப்படுவதிலும் ஓர் அர்த்தம் இருக்கிறது குட்டீஸ். விளையாட்டில் காலம் முழுக்கச் சோறு கிடைக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. முழங்காலில் ஒரு அடி பட்டால் போதும். எல்லாம் நின்று போகலாம். படிப்பு அப்படி இல்லை. அதனால், 'ஒன்றை விடு' என்கின்றனர்.

ஆனால், ஒன்றை விடாமலேயே ஜெயித்தவர்கள் இருக்கின்றனர். தூரத்தில் இல்லை, நமக்குப் பக்கத்திலேயே!

மாட்டு வைத்தியமும் மட்டையும்!

காஞ்சிபுரத்தைச் சேர்ந்தவர் துளசிமதி முருகேசன், 2002ல் பிறந்தவர். கூலி வேலை செய்த குடும்பத்தில் வளர்ந்தவர். பிறவியிலேயே இடது கையில் குறைபாடு. பேட்மிண்டனை வலது கையால்தானே ஆடுகிறோம், இடது கை எதற்கு என்று நினைக்காதீர்கள். எழுந்து நின்று, பந்தை அடிப்பது போல ஒருமுறை கையை வீசிப் பாருங்கள். உங்களை அறியாமலேயே இடது கை மேலே எழும்பும். உடம்பு தடுமாறாமல் இருக்க அந்தக் கைதான் உதவுகிறது. அந்த உதவி குறைவாக இருந்தும் அவர் ஆடினார்.

சிறு வயதில் மட்டையைக் கையில் கொடுத்துப் பழக்கியவர் அவருடைய அப்பா. பள்ளிப் படிப்பு முடிந்ததும் துளசிமதி எந்தப் படிப்பில் சேர்ந்தார் தெரியுமா? நாமக்கல்லில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில்! கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு, பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள். மனித டாக்டர், மனித உடம்பு ஒன்றைப் பற்றித் தெரிந்துகொண்டால் போதும். கால்நடை டாக்டரோ மாடு, குதிரை, நாய், கோழி என்று ஒவ்வொன்றின் எலும்பு, தசை, நோய், மருந்து எல்லாவற்றையும் படித்தாக வேண்டும். புத்தகத்தை ரயிலில் உட்கார்ந்து கூடப் படித்துவிடலாம். மாட்டைத் தொட்டுப் பார்த்துக் கற்க வேண்டியதை ரயிலில் கற்க முடியுமா? அதற்கு வகுப்பில் இருந்தே ஆக வேண்டும்.

அப்படிப்பட்ட படிப்பைப் படித்துக்கொண்டே அவர் உலகப் போட்டிகளில் ஆடினார். 2023 அக்டோபரில், சீனாவின் ஹாங்சோவில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அதில் ஒற்றையர் பிரிவில் தங்கம், இரட்டையரில் வெள்ளி, கலப்பு இரட்டையரில் வெண்கலம் என்று மூன்று நிறத்திலும் பதக்கம் வாங்கினார்!

அடுத்த ஆண்டு பாரிஸ் பாராலிம்பிக். அரையிறுதியில் அவருக்கு எதிரே நின்றவர் இன்னொரு தமிழ்நாட்டுப் பெண். திருவள்ளூர் மனிஷா ராமதாஸ். 23-21, 21-17 என்று கடும் போட்டியில் துளசிமதி ஜெயித்தார். 2024 செப்டம்பர் 2ம் தேதி நடந்த இறுதிப் போட்டியில், சீன வீராங்கனை யாங் சியூசியாவிடம் 17-21, 10-21 என்று தோற்று, வெள்ளிப் பதக்கம் பெற்றார். மனிஷாவுக்கு வெண்கலம். அதே நாளில், ஓசூரைச் சேர்ந்த நித்யஸ்ரீ சிவனும் பேட்மிண்டனில் வெண்கலம் வாங்கினார். ஒரே நாளில் மூன்று தமிழ்நாட்டுப் பெண்கள்! பின்னர் மூவருக்கும் அர்ஜுனா விருதும் கிடைத்தது.

பாரிஸ் மேடையில் வெள்ளிப் பதக்கத்தோடு நின்ற துளசிமதி, அப்போது ஒரு கல்லூரி மாணவி. பதக்கத்தை வைத்துவிட்டு, மறுபடி புத்தகத்தை எடுத்தாக வேண்டிய மாணவி!

நம்ம பக்கத்துப் பொண்ணு!

வளவனூரிலிருந்து கடலூர் ரொம்ப தூரம் இல்லை. 1993ல் பிரியும் வரை கடலூரும், விழுப்புரமும் ஒரே தென்னாற்காடு மாவட்டம்தான். அந்தக் கடலூரில் 1999ல் பிறந்தவர், துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன். வளர்ந்தது குஜராத்தின் ஆமதாபாத்தில். இந்தியாவுக்காக டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக்குகளில் பங்கேற்றவர்.

கல்லூரி மாணவர்களுக்கென்றே ஒரு 'ஒலிம்பிக்' இருப்பது உங்களுக்குத் தெரியுமா? உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டி என்று பெயர். 1959ல் இத்தாலியின் டூரின் நகரில் தொடங்கியது. எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும் சும்மா போய் ஆடிவிட முடியாது. பல்கலைக்கழகத்தில் படிப்பவராகவோ, அண்மையில் படிப்பை முடித்தவராகவோ இருக்க வேண்டும். அதாவது, படிப்புதான் அங்கே நுழைவுச் சீட்டு!

2019ல் நேபிள்ஸ் நகரில் நடந்தபோது, ஒடிசாவின் டூட்டி சந்த், 100 மீட்டர் ஓட்டத்தை 11.32 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். 2021ல் நடக்க வேண்டிய செங்டு போட்டி, கொரோனாவால் தள்ளிப்போய் 2023ல் நடந்தது. அதில், 10 மீட்டர் ஏர் ரைபிள் பிரிவில் தங்கம் வென்றவர் நம் இளவேனில்!

நிறுத்தி வைத்தவர்!

'இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தே ஆக வேண்டுமா?' என்று ஒரு சந்தேகம் வரும். கட்டாயம் இல்லை. இதோ, இன்னொருவர் கதை.

எரப்பள்ளி பிரசன்னா, கர்நாடகத்துக்காரர். சுழல் பந்து வீச்சாளர். 1962 ஜனவரியில், நம் சென்னையில் நடந்த இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில் அறிமுகம் ஆனார். வயது 21. அடுத்து மேற்கிந்தியத் தீவுகளுக்கும் போய் வந்தார். இந்திய அணியில் இடம் கிடைப்பதென்றால் சும்மாவா? யாராக இருந்தாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளத்தான் பார்ப்பார்கள். ஆனால் பிரசன்னா, மைசூரில் பொறியியல் பட்டத்தை முடிப்பதற்காக விலகிப் போனார். அடுத்த டெஸ்ட் ஆடியது எப்போது தெரியுமா? 1967ல்! ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள்!

அந்த ஐந்து ஆண்டுகளில் அவர் இடத்தை வேறு யாராவது நிரந்தரமாகப் பிடித்திருக்கலாம். அவர் விரல்களும் சுழலை மறந்து போயிருக்கலாம். அது பெரிய ஆபத்துதான். ஆனாலும் திரும்பி வந்தார். 1968ல் நியூசிலாந்தில், வெளிநாட்டு மண்ணில் இந்தியா முதன்முதலாக டெஸ்ட் தொடரை ஜெயித்தபோது, அந்தத் தொடரில் மட்டும் 24 விக்கெட் எடுத்தார். 20 டெஸ்டுகளில் 100 விக்கெட் என்று அவர் வைத்த இந்தியச் சாதனை, 40 ஆண்டுகளுக்கு மேல் நின்றது.

அதை முறியடித்தவர் யார்? நம்ம சென்னை அஸ்வின்! 2013ல், தன் 18வது டெஸ்டிலேயே 100 விக்கெட்டைத் தொட்டார். ஒரு சுவாரஸ்யம் கேளுங்கள். அஸ்வினும் ஒரு பொறியாளர்தான். சென்னை எஸ்.எஸ்.என்., கல்லூரியில் தகவல் தொழில்நுட்பம் படித்தவர். ஒரு இன்ஜினியர் வைத்த சாதனையை இன்னொரு இன்ஜினியர் உடைத்திருக்கிறார்!

நடுவில் ஒரு இன்ஜினியரை விட்டுவிட்டோமே... அனில் கும்ப்ளே! பெங்களூரு ஆர்.வி. பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்துக்கொண்டிருந்தபோதே, 1990ல் இங்கிலாந்தில் முதல் டெஸ்ட் ஆடிவிட்டார். ஆனால், அடுத்த டெஸ்ட் வாய்ப்பு 1992ல்தான் வந்தது. 'அணியில் எடுக்கவில்லையே' என்று மூலையில் உட்காரவில்லை. படித்துப் பட்டத்தை வாங்கினார்; பந்து வீச்சையும் விடவில்லை. பிறகு 1999ல், டில்லியில் பாகிஸ்தானுக்கு எதிராக ஒரே இன்னிங்சில் பத்து விக்கெட்டையும் அள்ளியதும், மொத்தம் 619 டெஸ்ட் விக்கெட் எடுத்ததும் உலகத்துக்கே தெரிந்த கதை.

பார்த்தீர்களா? துளசிமதி இரண்டையும் சேர்த்தே இழுத்தார். பிரசன்னா ஒன்றை நிறுத்தி வைத்துவிட்டு, மறக்காமல் திரும்பி வந்தார். கும்ப்ளே, காத்திருந்த காலத்தைப் படிப்புக்குக் கொடுத்தார். வழி வேறு வேறு. ஆனால், மூவரும் ஒரு விஷயத்தில் ஒன்று. 'இந்த நேரம் எதற்கு?' என்று தீர்மானித்துவிட்டு, அந்த நேரத்தை அதற்கே முழுதாகக் கொடுத்தனர்.

ஒரு வாரத்தில் 168!

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பயப்படாதீர்கள், வாய்க்கணக்குதான்!

ஒரு நாளைக்கு 24 மணி நேரம். வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம் நாளுக்கு 9 மணி நேரம் வீதம் 63. பள்ளிக்கூடம், போகவர ஆகும் நேரம் எல்லாம் சேர்த்து, நாளுக்கு 8 வீதம் ஐந்து நாளைக்கு 40. மீதி 65.

வீட்டில் தினமும் 2 மணி நேரம் படித்தால் வாரத்துக்கு 14. ஆறு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் விளையாடினால் 9. இரண்டும் சேர்த்து 23. அப்படியும் 42 மணி நேரம் கையில் மிச்சம்! குளிக்க, சாப்பிட, அம்மாவுக்குக் கடைக்குப் போய்வர, தம்பியோடு சண்டை போட எல்லாம் அதுவே தாராளம்.

அப்படியானால், 'நேரமே இல்லை' என்று ஏன் தோன்றுகிறது? படிக்கும்போது மனசு மைதானத்தில் இருக்கிறது. மைதானத்தில் நிற்கும்போது, வீட்டுப்பாடம் எழுதாதது உறுத்துகிறது. இரண்டுக்கும் நடுவில், 'டிவி'யும் மொபைல் போனும் வந்து மிச்சம் இருப்பதை விழுங்கிவிடுகின்றன!

தூக்கத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். பகலில் படித்ததை மூளை பதிய வைத்துக்கொள்வதற்குத் தூக்கம் உதவுகிறது. ஓடி ஆடிய தசைகள் சரியாவதும் தூக்கத்தில்தான். விடிய விடியப் படித்துவிட்டுப் போனால், பரீட்சையிலும் கொட்டாவி, பந்தயத்திலும் கொட்டாவி! விளையாட்டையும் அடியோடு விட்டுவிட வேண்டாம். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனமே சொல்கிறது. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்!

நீங்களும் செய்யலாம்!

* ஒரு தாளில் ஏழு கட்டங்கள் போடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு கட்டம். தூக்கம், பள்ளிக்கூடம், படிப்பு, விளையாட்டு என்று நேரத்தை எழுதுங்கள். வாரக் கடைசியில், உண்மையில் என்ன நடந்தது என்பதைப் பக்கத்திலேயே வேறு மையில் எழுதுங்கள். நேரம் எங்கே ஓடியது என்று பிடிபட்டுவிடும்!

* போட்டிக்குப் போகும் தேதி தெரிந்ததும், அந்த நாட்களில் நடக்கப் போகும் பாடத்தை முன்கூட்டியே ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். கல்லூரிக்குப் போனாலும் இதே கதைதான். அணிக்காக ஆடப் போகும் மாணவர்களுக்குப் பல கல்லூரிகளில், 'ஆன் டூட்டி' என்று வருகை கொடுப்பார்கள். வருகைதான் கிடைக்குமே தவிர, நடந்த பாடம் தானாகக் கிடைக்காது!

* விளையாட்டால் மதிப்பெண் குறைந்தால் மறைக்காதீர்கள். 'அடுத்த தேர்வு வரை மூன்று நாள் மட்டும் விளையாடுகிறேன்' என்று நீங்களே வீட்டில் பேசுங்கள். நிறுத்தச் சொல்வதற்கு முன் நாமே குறைத்துக்கொண்டால், பிறகு கூட்டிக்கொள்வதும் நம் கையில்தான்.

* எல்லாருக்கும் பதக்கம் கிடைக்காது. அதற்காக ஆடியது வீணாகாது. தோற்ற மறுநாளே மைதானத்துக்கு வரப் பழகியவன், கணக்கில் குறைந்த மதிப்பெண் வாங்கிய மறுநாளும் புத்தகத்தைத் திறப்பான்.

அந்த நீலக்கோடு!

ரிங்கெட் விதியை ஞாபகம் வைத்திருக்கிறீர்களா? வளையத்தோடு நீலக்கோட்டைத் தாண்டக் கூடாது. தோழியிடம் அனுப்பித்தான் ஆக வேண்டும். எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும், தனியாகக் கோல் வரை போக முடியாது.

படித்துக்கொண்டே ஆடுவதும் இப்படித்தான் குட்டீஸ். போட்டிக்குப் போன நாட்களில் நோட்ஸ் எழுதி வைக்க ஒரு தோழி வேண்டும். விட்டுப் போன பாடத்தை, 'வா, சொல்லித் தருகிறேன்' என்று அழைக்க ஓர் ஆசிரியர் வேண்டும். 'போய் ஆடிட்டு வா' என்று சொல்ல வீட்டில் ஒரு குரல் வேண்டும்.

நீங்கள் விளையாட்டு வீரராக இல்லையா? கவலை வேண்டாம். உங்கள் வகுப்பில், விழுப்புரம் மைதானத்துக்குப் போட்டிக்குப் போன ஒரு பெண்ணோ பையனோ கண்டிப்பாக இருப்பார். திங்கட்கிழமை திரும்பி வந்ததும், 'ஜெயிச்சியா?' என்று கேட்பீர்கள் அல்லவா? கூடவே, உங்கள் நோட்டையும் நீட்டுங்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் வளையத்தை வாங்கிக்கொள்ள நீங்கள் இருக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியட்டும்!

என்ன குட்டீஸ், இந்த வாரமே கட்டம் போட்டுவிடலாமா?